‘பவரான’ ஆன்டிபயாடிக் என்று ஒன்று கிடையாது

கேள்வி சுருக்கமாக இது: வயதான அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. கல்ச்சர் ரிப்போர்ட்டில் (சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு மசியும் என்று பார்க்கும் சோதனை) வரிசையாக மருந்துகளின் பெயர், பாதிக்கு மேல் நேராக ‘எஸ்’, அதாவது மசியும் என்று போட்டிருக்கிறது. எம்.ஐ.சி. (கிருமி வளராமல் நிற்கத் தேவையான மருந்தளவு) என்ற கட்டத்தில் இருப்பதிலேயே சின்ன எண் ஒரு ஊசி மருந்துக்கு. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரு பழைய மாத்திரை. பவரானதை விட்டுவிட்டு ஏன் இதைக் கொடுத்தார், எதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், இந்த மருந்தெல்லாம் உள்ளே போய் என்னதான் செய்கிறது?

நான் அந்த ரிப்போர்ட்டை எழுதும் பக்கம் இருப்பவன், மைக்ரோபயாலஜி லேப். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்கு எது சரி என்று ஆளைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அந்த டாக்டர் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது.

முதலில் மருந்து என்ன செய்கிறது என்பது. கிருமியைக் கொல்வது ஒன்றும் பெரிய விஷயமில்லை, பிளீச்சிங் பவுடர்கூடக் கொல்லும். நம்மைக் கொல்லாமல் கிருமியை மட்டும் கொல்வதுதான் கஷ்டம். அதனால் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் பாக்டீரியாவிடம் இருந்து நம்மிடம் இல்லாத ஒன்றையோ, இரண்டு பேரிடமும் இருந்தாலும் வேறு அமைப்பில் இருக்கிற ஒன்றையோ குறி வைக்கிறது.

பென்சிலினையே எடுத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியாவைச் சுற்றி ஒரு செல் சுவர் உண்டு, நம் செல்களுக்கு அது கிடையாது. நீளநீளமான சர்க்கரைச் சங்கிலிகளைக் குட்டிக் குட்டிப் புரதத் துண்டுகளால் குறுக்கே தைத்து வைத்த வலைப்பை மாதிரி அது. அந்தத் தையலைப் போடுவதற்கென்று ஒரு நொதி இருக்கிறது. புரதத் துண்டின் நுனியில் இருக்கும் அலனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களைப் பார்த்துத்தான் அது தைக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்கும். பென்சிலின் மூலக்கூறு பார்ப்பதற்கு அந்த நுனி மாதிரியே இருக்கிறது. நொதி ஏமாந்து அதைப் பிடிக்கிறது, பிடித்ததும் பென்சிலினின் நாலு அணு வளையம் உடைந்து நொதியோடு ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான், அந்த நொதி இனி எதற்கும் உதவாது. ஆனால் பாக்டீரியா வளர வேண்டுமானால் பழைய சுவரை அங்கங்கே வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த வெட்டும் வேலை மட்டும் நிற்காமல் நடக்கிறது. வெட்டு உண்டு, தையல் இல்லை. உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு, கடைசியில் கிருமி வெடித்துப் போகிறது. இதிலேயே இன்னொரு விஷயமும் தெரிந்துவிடும்: வளராமல் சும்மா கிடக்கும் கிருமியைப் பென்சிலின் பெரிதாக ஒன்றும் செய்யாது. மைக்கோபிளாஸ்மா என்று நிமோனியா உண்டாக்கும் ஒரு கிருமி இருக்கிறது, அதற்குச் செல் சுவரே கிடையாது, ஆகவே இந்தக் குடும்பத்தில் எத்தனை விதமான மருந்தைக் கொடுத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

அமாக்சிசிலின், செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனம் எல்லாம் பென்சிலினின் உறவுக்காரர்கள்தான், அடிப்படை வேலை ஒன்றே. வான்கோமைசினும் அதே இடத்துக்குத்தான் வருகிறது, ஆனால் நொதியை விட்டுவிட்டு அந்த அலனின் நுனிகளையே போய் மூடிக்கொள்கிறது. அது பெரிய மூலக்கூறு. ஈ.கோலை போன்ற கிராம் நெகடிவ் கிருமிகளுக்குச் சுவருக்கு வெளியே கூடுதலாக ஒரு உறை உண்டு, அதில் இருக்கும் சின்னத் துளைகள் வழியே வான்கோமைசின் நுழையவே முடியாது. பயங்கரமான மருந்து என்று பெயர் எடுத்த வான்கோமைசின் ஈ.கோலை தொற்றில் தண்ணீர் ஏற்றியதற்குச் சமம். டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் என்பவர் 1884-இல் கண்டுபிடித்த சாயம் ஏற்றும் முறையை இன்றும் தினமும் செய்வதற்குக் காரணம் இதுதான். ஊதா நிறமா இளஞ்சிவப்பா (இளஞ்சிவப்பு என்றால் கிராம் நெகடிவ்) என்று பார்த்த மாத்திரத்தில் பாதி மருந்துகள் பட்டியலிலிருந்து போய்விடும்.

மற்ற குடும்பங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புரதம் செய்யும் ரைபோசோம் நமக்கும் உண்டு, கிருமிக்கும் உண்டு, ஆனால் அமைப்பு வேறு. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின், லினசோலிட் எல்லாம் கிருமியின் ரைபோசோமில் போய் உட்காருகின்றன. நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் மட்டும் கொஞ்சம் பாக்டீரியாவுடையதைப் போலவே இருக்கும், லினசோலிட்டை வாரக்கணக்கில் கொடுத்தால் இரத்த அணுக்கள் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். சிப்ரோஃப்ளாக்சசின் வகை, டி.என்.ஏ.வின் முறுக்கைப் பிரிக்கும் நொதியைப் பிடிக்கிறது. சல்ஃபா மருந்துகள் கிருமி ஃபோலிக் அமிலம் தயாரிப்பதைத் தடுக்கும், நாம் அதைச் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்வதால் தப்பித்தோம். எனக்குப் பிடித்தது மெட்ரோனிடசோல்தான்: அது உள்ளே போகும்போது செயலற்றுத்தான் போகிறது, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் கிருமிக்குள் போனதும் அந்தக் கிருமியின் வேதியியலே அதை விஷமாக மாற்றிவிடுகிறது, ஆக்சிஜனில் வாழும் கிருமிக்குள் அந்த மாற்றம் நடப்பதில்லை.

வைரஸுக்குச் சுவரும் இல்லை, சொந்த ரைபோசோமும் இல்லை. நம் செல்லுக்குள் புகுந்து நம் இயந்திரத்தையே ஓட்டுகிறது. சாதாரண சளிக்கும் ஃப்ளூவுக்கும் ஆன்டிபயாடிக் ஏன் வேலை செய்யாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, தேர்வுக்கு வருவோம். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருந்தைத் தேர்ந்தெடுப்பதாக வெளியில் நினைக்கிறார்கள். உண்மையில் ரிப்போர்ட் வருவதற்குள் இரண்டு மூன்று நாள் ஆகிவிடும், அதற்குள் பெரும்பாலும் மருந்து தொடங்கியாகிவிடும். முதல் தேர்வு எப்போதுமே ஒரு கணிப்புதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் கணிப்பு இல்லை.

அதிலும் முதலில் கேட்க வேண்டியது பாக்டீரியா தொற்றே இருக்கிறதா என்பது. சளி பச்சையாக வந்தால் பாக்டீரியா என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். அந்தப் பச்சை நம்முடைய வெள்ளை அணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறம், வைரஸ் சளியிலும் வரும். சிறுநீரிலும் இதே கதை. வயதானவர்களில், முக்கியமாகப் பெண்களில், எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் பாக்டீரியா வளர்வது ரொம்பச் சாதாரணம். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வேறு எதற்கோ பரிசோதித்தபோது கல்ச்சரில் வளர்ந்துவிட்டது என்றால் கர்ப்பிணிகளையும் சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களையும் தவிரப் பெரும்பாலானவர்களுக்கு மருந்தே கொடுக்கத் தேவையில்லை. லேபில் வளர்ந்தது எல்லாம் நோய் இல்லை. இதை லேப்காரனே சொல்கிறேன்.

தொற்று இருக்கிறது என்று முடிவானால் அப்புறம் இடம். சிறுநீர் என்றால் பெரும்பாலும் ஈ.கோலை, தோல் என்றால் ஸ்டாஃபிலோகாக்கஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும், நிமோனியா என்றால் முதலில் நினைவுக்கு வருவது நியூமோகாக்கஸ், குடல் கிழிந்து வயிற்றுக்குள் சீழ் என்றால் ஈ.கோலையோடு ஆக்சிஜன் வேண்டாத கூட்டமும் சேர்ந்து இருக்கும். வயதும் கணக்கை மாற்றும்: மூளைக்காய்ச்சலுக்கு செஃப்ட்ரியாக்சோன் போடும்போது நோயாளி முதியவர் என்றால் கூடவே ஆம்பிசிலினும் சேர்ப்பார்கள். லிஸ்டீரியா என்ற கிருமி அந்த வயதில் வரலாம், அதற்கு செஃப்ட்ரியாக்சோன் வேலை செய்யாது. கடந்த மூன்று மாதத்தில் என்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டார், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாரா, முன்பு எடுத்த கல்ச்சரில் என்ன வந்தது என்பதெல்லாம் கேட்பது சும்மா ஃபார்ம் நிரப்புவதற்கு இல்லை. போன மாதம் ஒரு மருந்தைத் தாக்குப்பிடித்து மிச்சமிருக்கும் கிருமிதான் இந்த மாதம் தொந்தரவு கொடுக்க அதிக வாய்ப்பு.

அப்புறம் எவ்வளவு அவசரம் என்பது. இரத்த அழுத்தம் விழுந்து செப்டிக் ஷாக்கில் வந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும், அங்கே தவறான கணிப்புக்கு இடமே இல்லை, அதனால் வலையை அகலமாக வீசுவார்கள், கல்ச்சர் வந்த பிறகு குறுக்குவார்கள். நடந்து வந்து உட்கார்ந்து பேசுகிறவருக்கு எரிச்சல் மட்டும்தான் என்றால் குறுகிய மருந்தில் தொடங்கலாம், சரிவராவிட்டால் மாற்ற நேரம் இருக்கிறது. ஒரே நோய்க்கு இரண்டு பேருக்கு இரண்டு மருந்து எழுதுவது பெரும்பாலும் இதனால்தான்.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். முடிந்தவரை மருந்து தொடங்குவதற்கு முன்பே சாம்பிளை எடுத்துவிடுங்கள். இரத்தத்தில் கிருமி ஓடுகிறது என்று சொல்லும்போது லட்சக்கணக்கில் நீந்துவதாக நினைப்பீர்கள், பெரியவர்களின் இரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஒரு கிருமிகூட இல்லாமல் இருக்கலாம். அதனால்தான் ஒரு பாட்டிலுக்கு எட்டிலிருந்து பத்து மில்லி வரை எடுக்கிறோம், அதையும் வெவ்வேறு இடத்தில் குத்தி இரண்டு செட். இவ்வளவு இரத்தமா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு, ஆனால் இரண்டு மில்லி எடுத்து அனுப்பினால் இருக்கிற கிருமி பாட்டிலுக்குள் வராமலே போகலாம். இரண்டு செட் எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: தோலில் வாழும் அப்பாவிக் கிருமி ஊசியோடு உள்ளே வந்து ஒரு பாட்டிலில் மட்டும் வளர்ந்தால் அது பெரும்பாலும் அசுத்தம், எல்லாப் பாட்டிலிலும் வளர்ந்தால்தான் அதைச் சந்தேகப்பட வேண்டும்.

இனி உங்கள் ரிப்போர்ட். ஒரு தட்டில் அந்தக் கிருமியைப் பரப்பி, மருந்து தோய்ந்த சின்னக் காகித வில்லைகளை வைத்து ஒரு இரவு விட்டால், மறுநாள் மருந்து வேலை செய்த இடத்தைச் சுற்றி வளர்ச்சியில்லாத தெளிவான வட்டம் தெரியும். அந்த விட்டத்தை மில்லிமீட்டரில் அளப்போம். எம்.ஐ.சி. என்பது இன்னொரு முறை: மருந்தை 0.25, 0.5, 1, 2, 4 என்று இரட்டிப்பாகக் கூட்டிக்கொண்டே போய், எந்த அளவில் கிருமி வளராமல் நிற்கிறதோ அந்த எண்.

இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள், நீங்களும். ஒரு மருந்தின் எம்.ஐ.சி.யை இன்னொரு மருந்தின் எம்.ஐ.சி.யோடு ஒப்பிடவே கூடாது. ஒவ்வொரு மருந்தும் உடம்பில் எவ்வளவு சேரும் என்பது வேறு வேறு, ‘எஸ்’ஸா ‘ஆர்’ரா என்று பிரிக்கும் எல்லைக்கோடும் அதற்கேற்ப வேறு வேறு. ஈ.கோலைக்கு சிப்ரோஃப்ளாக்சசினின் எம்.ஐ.சி. 1 என்றால் அது ‘ஆர்’, வேலை செய்யாது. அதே கிருமிக்கு நைட்ரோஃபியூரன்டாயினின் எம்.ஐ.சி. 16 என்றால் அது ‘எஸ்’, நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் அந்த மருந்து சிறுநீரில் அதைவிட எத்தனையோ மடங்கு சேர்கிறது. சின்ன எண் இருக்கும் மருந்துதான் நல்லது என்று பார்த்தால் கணக்கு தலைகீழாகப் போய்விடும். நடுவில் ‘ஐ’ என்று ஒரு எழுத்து வருவதையும் பார்த்திருப்பீர்கள். அரைகுறையாக வேலை செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐரோப்பிய எல்லைக்கோடுகளை வகுக்கும் குழு 2019-இல் அதன் அர்த்தத்தையே தெளிவாக மாற்றிவிட்டது, டோஸைக் கூட்டிக் கொடுத்தால் வேலை செய்யும் என்பதுதான் அது.

‘எஸ்’ என்று இருப்பதை வைத்து மட்டும் கொடுத்துவிடவும் முடியாது. டைஃபாய்டு கிருமியைத் தட்டில் வைத்து ஜென்டாமைசின் வில்லை வைத்தால் அழகாகப் பெரிய வட்டம் வரும். நோயாளிக்குக் கொடுத்தால் காய்ச்சல் இறங்காது. அந்தக் கிருமி நம் செல்களுக்குள்ளே ஒளிந்து வாழ்கிறது, ஜென்டாமைசின் செல்லுக்குள் சரியாகப் போகாது. அதனால் அந்த ரிப்போர்ட்டில் ஜென்டாமைசினுக்கு ‘எஸ்’ என்று போடவே கூடாது என்று எங்களுக்கு விதி. டாப்டோமைசின் இன்னும் வேடிக்கை: இரத்தத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸைப் பிரமாதமாகக் கொல்லும், அதே கிருமி நிமோனியாவாக நுரையீரலில் இருந்தால் பயனில்லை, நுரையீரல் காற்றறைகளைப் பூசியிருக்கும் திரவம் அந்த மருந்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. தட்டில் நுரையீரல் கிடையாது, அதனால் தட்டுக்கு இது தெரியாது.

உங்கள் அம்மாவின் மாத்திரை நைட்ரோஃபியூரன்டாயினாக இருக்கலாம், நீங்கள் பெயர் சொல்லவில்லை, ஒரு உதாரணத்துக்கு அதையே வைத்துக்கொள்வோம். அது சாப்பிட்டதும் சிறுநீரில் போய்ச் சேர்ந்துவிடும், இரத்தத்திலும் திசுக்களிலும் பெயருக்குத்தான் இருக்கும். சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு அதைவிட வசதியான மருந்து கிடைப்பது கஷ்டம், குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. அதுவே காய்ச்சல், குளிர், விலாவுக்குக் கீழே வலி என்று தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் அதே மருந்து, அதே ‘எஸ்’, ஆனால் போதாது, சிறுநீரகத் திசுவில் அது இல்லையே. சிறுநீரகம் ரொம்பப் பலவீனமாக இருந்தாலும் கூடாது. சிறுநீரில் சேராமல் உடம்பில் தங்கி நரம்பைக் கெடுக்கும். வயதானவர் என்பதால் டாக்டர் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பார், பார்த்தாரா என்று கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொரு ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சோதிக்கும் எல்லா மருந்தையும் ரிப்போர்ட்டில் காட்டுவதில்லை. எளிய மருந்துகள் வேலை செய்கிறது என்றால் அகன்ற, அதாவது பல வகைக் கிருமிகளைத் தொடும் மருந்துகளின் முடிவை வேண்டுமென்றே மறைத்து வைப்பது பல லேப்களில் வழக்கம், டாக்டர் கேட்டால் கொடுப்போம். பட்டியலில் மெரோபெனம் போன்ற அகன்ற மருந்து தெரிந்தால் கை அதை நோக்கித்தான் போகும், மனித சுபாவம்.

இப்போது நோயாளி. ஒரே கிருமி, ஒரே இடம், ஆனால் ஆள் மாறினால் மருந்து மாறும். கர்ப்பிணி என்றால் பென்சிலின் குடும்பம் பொதுவாகப் பாதுகாப்பு, டெட்ராசைக்ளின் வகை குழந்தையின் பல்லிலும் எலும்பிலும் படியும் என்பதால் தவிர்ப்பார்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு மெட்ரோனிடசோலோ கோட்ரைமாக்சசோலோ சேர்ந்தால் இரத்தக் கசிவு அபாயம் கூடும். ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டுக் கருத்தடை மாத்திரையைக்கூடச் செயலிழக்க வைத்துவிடும். அதனால் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் ‘சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை’ என்று பொதுவாகச் சொல்லாமல் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அலர்ஜியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பத்தில் ஒருவர் தனக்குப் பென்சிலின் அலர்ஜி என்று சொல்கிறார். முறையாகச் சோதித்துப் பார்த்தால் அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் பென்சிலின் தாராளமாக ஒத்துக்கொள்கிறது. சின்ன வயதில் வைரஸ் காய்ச்சலோடு வந்த தடிப்பை மருந்தின் தலையில் கட்டியிருப்பார்கள், அல்லது வயிற்றுப்போக்கை அலர்ஜி என்று எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரி ஆயுள் முழுக்கக் கூடவே வரும், ஒவ்வொரு தடவையும் இரண்டாம் தரமான மருந்தோ தேவைக்கு மேல் அகன்ற மருந்தோ கிடைக்கும். உண்மையான அலர்ஜி உயிருக்கு ஆபத்தானது, அதில் விளையாடக் கூடாது, அதனாலேயே என்ன நடந்தது, மருந்து எடுத்து எவ்வளவு நேரத்தில், மூச்சு திணறியதா, உதடு வீங்கியதா, எத்தனை வருஷம் முன்பு என்று விவரமாகச் சொல்வது நல்லது.

ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்பதும் டாக்டரின் இஷ்டம் இல்லை. 1941-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பென்சிலின் சிகிச்சை பெற்ற முதல் நோயாளிகளில் ஒருவரான போலீஸ்காரருக்கு, கையில் இருந்த மருந்து போதாமல், அவருடைய சிறுநீரிலிருந்தே பென்சிலினைப் பிரித்தெடுத்துத் திரும்பச் செலுத்தினார்கள். அவ்வளவு வேகமாகச் சிறுநீரகம் அதை வெளியே தள்ளும், இரத்தத்தில் அதன் அரை ஆயுள் (அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) அரை மணி நேரம்தான். (நன்றாகத் தேறி வந்தவர், மருந்து தீர்ந்துபோனதும் தொற்று திரும்பி இறந்துவிட்டார்.) பென்சிலின் குடும்பத்துக்கு எவ்வளவு உச்சத்துக்குப் போகிறது என்பது முக்கியமில்லை, எம்.ஐ.சி.க்கு மேலே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் முக்கியம். அதனால்தான் அமாக்சிசிலினை எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடச் சொல்கிறார்கள், காலையில் விட்டதை ராத்திரி இரண்டாகச் சேர்த்துப் போட்டால் ஈடாகாது. ஜென்டாமைசினுக்கு நேர் எதிர்: உச்சம் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது, பிறகு இறங்கிவிட்டாலும் கிருமி சில மணி நேரம் தலைதூக்காது, அதனால் ஒரு நாளைக்கு ஒரே டோஸ். அசித்ரோமைசின் திசுக்களில் நாள்கணக்கில் தங்கும், மூன்று மாத்திரையோடு முடிந்துவிடுகிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

ஊசிதான் பவர், மாத்திரை சும்மா என்பதும் இதே ரகம். லினசோலிட், லீவோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல் எல்லாம் வாய் வழியே போனாலும் கிட்டத்தட்ட முழுசாக இரத்தத்துக்கு வந்துவிடும். வாந்தி இல்லை, குடல் வேலை செய்கிறது என்றால் அவற்றை நரம்பில் ஏற்றுவதில் நோயாளிக்குக் கிடைப்பது ஒரு ஊசிக்குழாயும் அதன் வழியே புதுத் தொற்று வரும் வாய்ப்பும்தான். எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. வான்கோமைசின் குடலிலிருந்து உறிஞ்சப்படவே படாது. அந்தக் குறையையே பயன்படுத்தி, குடலுக்குள்ளேயே இருக்கும் சி.டிஃப் என்ற கிருமியின் தொற்றுக்கு அதை வாய் வழியே கொடுக்கிறார்கள்.

பவர் விஷயத்தில் கடைசியாக ஒரு உதாரணம். சாதாரண ஸ்டாஃபிலோகாக்கஸ் இரத்தத்தில் இருக்கிறது, மெத்திசிலின் (பென்சிலின் குடும்பத்து மருந்து) வகைக்கு அடங்கும் ரகம். ‘பெரிய’ மருந்தான வான்கோமைசினைக் கொடுப்பதைவிட செஃபாசோலின் போன்ற பழைய மருந்தைக் கொடுத்தவர்கள்தான் அதிகம் பிழைக்கிறார்கள், இது திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். வான்கோமைசின் கொல்வதில் மந்தம். அதேபோல் தொண்டைப் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இன்றும் பென்சிலினுக்கு அடங்கித்தான் போகிறது. அகன்ற மருந்து என்றால் அதிக வகைக் கிருமிகளைத் தொடும் என்று அர்த்தம், குறிப்பிட்ட ஒரு கிருமியை அதிகமாகக் கொல்லும் என்று அர்த்தமில்லை.

தொடத் தேவையில்லாததைத் தொடுவதால் வரும் நஷ்டமும் உண்டு. குடலில் வாழும் கோடிக்கணக்கான கிருமிகளில் மருந்துக்கு மசியாதவை மட்டும் மிஞ்சும், சி.டிஃப் போன்றவை அந்தக் காலியிடத்தில் பெருகிக் கடுமையான வயிற்றுப்போக்கைத் தரும். எதிர்ப்பு மரபணுக்கள் பல, பிளாஸ்மிட் என்ற சின்ன வட்ட டி.என்.ஏ.வில் இருக்கும், ஒரு கிருமி அதை வேறு இனக் கிருமிக்கும் நகலெடுத்துக் கொடுத்துவிடும். பென்சிலினை உடைக்கும் நொதியை 1940-இலேயே, அதாவது மருந்து நோயாளிகளுக்குப் போவதற்கு முன்பே, ஆக்ஸ்ஃபோர்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலத்தைச் சேர்ப்பது அந்த வகை நொதியை அடக்கத்தான். எதிர்ப்பு வருவது கிருமிக்கு, ஆளுக்கு இல்லை. ‘எனக்கு அமாக்சிசிலின் எல்லாம் கேட்காது’ என்று சொல்கிறவர்கள் உண்டு, கேட்காதது போன தடவை வந்த கிருமிக்கு (அல்லது போன தடவை வந்தது வைரஸாக இருந்திருக்கும்), இந்தத் தடவை வந்தது வேறாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2017-லிருந்து ஆன்டிபயாடிக்குகளை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது, முதலில் எடுக்க வேண்டியவை, கவனமாக எடுக்க வேண்டியவை, கடைசிக்கு ஒதுக்கி வைக்க வேண்டியவை என்று. அமாக்சிசிலின் முதல் வகை. எல்லோரும் சாதாரணமாக நினைக்கும் அசித்ரோமைசினும் சிப்ரோஃப்ளாக்சசினும் இரண்டாம் வகையில்தான் இருக்கின்றன, லினசோலிட்டும் கொலிஸ்டினும் மூன்றாவது.

எத்தனை நாள் என்பதில் பழைய எண்ணங்கள் நிறைய மாறியிருக்கின்றன. சீக்கிரம் தேறிவரும் சாதாரண நிமோனியாவுக்கு ஐந்து நாள், சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃபியூரன்டாயின் ஐந்து நாள் பல பேருக்குப் போதும். நீட்டிக்கொண்டே போனால் எதிர்ப்பு குறையாது, கூடத்தான் செய்யும். ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் இரத்தத்தில் இருந்தால் குறைந்தது பதினாலு நாள், இதய வால்வில் ஒட்டியிருந்தால் நாலிலிருந்து ஆறு வாரம், காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இதில் எது உங்களுடையது என்று நீங்களாக முடிவு செய்து பாதியில் நிறுத்த வேண்டாம், காய்ச்சல் விட்டுவிட்டது, நாள் குறைக்கலாமா என்று கேளுங்கள், இன்றைக்குப் பல டாக்டர்கள் அந்தக் கேள்வியை வரவேற்பார்கள்.

சாப்பிடும் விதத்தில் இரண்டே விஷயம். டாக்சிசைக்ளினும் சிப்ரோஃப்ளாக்சசினும் இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், வயிற்று அமிலத்துக்கான ஆன்டாசிட் இவற்றோடு குடலில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சப்படாமல் போய்விடும், சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். டாக்சிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருங்கள், உணவுக்குழாயில் ஒட்டினால் அங்கேயே புண்ணாக்கும்.

மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளில் ஆள் தேறவில்லை என்றால் உடனே இதைவிடப் பெரிய மருந்து வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். கிருமி அந்த மருந்துக்கு மசியவில்லை என்பது ஒரு காரணம்தான். நோயையே தவறாகக் கணித்திருக்கலாம், டோஸ் போதாமல் இருக்கலாம், எங்காவது சீழ் கட்டியிருக்கலாம், உடம்புக்குள் இருக்கும் ஏதாவது குழாயின் மேல் கிருமி படலமாகப் படிந்திருக்கலாம். சீழ்க்கட்டிக்குள் இரத்த ஓட்டம் இல்லை, மருந்து உள்ளே போவதே குறைவு, போனாலும் ஜென்டாமைசின் போன்றவை அந்த அமிலச் சூழலில் சோர்ந்துவிடும். உங்கள் அம்மாவைப் போன்ற ஒருவருக்கு ‘எஸ்’ போட்ட மருந்து கொடுத்தும் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனால் அடுத்து வேண்டியது பெரும்பாலும் இன்னொரு ஆன்டிபயாடிக் இல்லை, ஒரு ஸ்கேன். சிறுநீர்க் குழாயைக் கல் அடைத்து அதற்குப் பின்னால் சீழ் தேங்கி நின்றால், அடைப்பைத் தாண்டி ஒரு குழாய் வைத்து அதை வடித்த பிறகுதான் காய்ச்சல் இறங்கத் தொடங்கும், அதுவும் பெரும்பாலும் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்த அதே மருந்திலேயே.